ஸியானா எபிக்கானு கேட்ட டர்பன் தம்பிக்கு

டர்பன்ல ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில சிஸ்டம் அட்மினா இருக்க தம்பி ஒருத்தர் கேட்டது இதுதான்: "அண்ணே, ஆபீஸ்ல 2018ல வாங்குன சர்வர் பத்து வாரன்ட்டி முடிஞ்சு கிடக்கு, இந்த வருஷம் மாத்திடலாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. ஸியான் வாங்கவா எபிக் வாங்கவா? அப்புறம் டிசம்பர்ல 13வது செக், அதான் வருஷக் கடைசி போனஸ், வந்துச்சு, நீங்க எந்த சிப் நல்லதுன்னு சொல்றீங்களோ அந்த கம்பெனி ஷேரையே வாங்கிப் போட்டுடலாம்னு இருக்கேன், சரிதானே?"

ஸியான் இன்டெல்லோட சர்வர் சிப், எபிக் ஏஎம்டியோடது. முதல் பாதிக்கு பதில் இருக்கு தம்பி. ரெண்டாவது பாதி சரியில்ல. ஏன் சரியில்லனு சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், 2026 ஜனவரி முதல் வாரம், எங்க சைட்ல சேஞ்ச் ஃப்ரீஸ் (லீவு முடியற வரைக்கும் எதையும் மாத்தக் கூடாதுங்கிற தடை) இன்னும் எடுக்கல, ஜோபர்க் பாதி பேரு உங்க ஊர் கடற்கரைல இருக்காங்க, எனக்கு டைம் இருக்கு.

நான் யாரு பக்கமும் இல்ல, அதை முதல்ல சொல்லிக்கிறேன். ஜோபர்க்ல ஐசாண்டோ பக்கம் டேட்டா சென்டர்ல பத்துப் பன்னெண்டு வருஷமா மத்தவங்க சர்வரை ஏத்தி இறக்கிட்டு இருக்கேன், ரெண்டு கம்பெனி சிப்பும் ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பியிருக்கு. (சீயான் இல்ல, ஸியான். எங்க டீம்ல புதுசா வந்த பையன் முதல் நாள் டிக்கெட்ல "சீயான் ஓவர்ஹீட்"னு எழுதி வச்சான், இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம்.)

பழைய கதையை வேகமா சொல்லிடுறேன். 2017ல சர்வர்னா இன்டெல், அவ்வளவுதான், ஏஎம்டிக்கு நூத்துல ஒண்ணு கூட கிடையாது. அந்த வருஷம் ஜூன்ல நேப்பிள்ஸ்னு முதல் எபிக் வந்துச்சு, 32 கோர் (சிப்புக்குள்ள தனித்தனியா வேலை செய்யிற மூளை), யாரும் பெருசா கண்டுக்கல. ஆனா இன்டெல் அதோட 10 நானோமீட்டர் ப்ராசஸ்ல, அதாவது சிப் தயாரிக்கிற முறைல, வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டான், அந்த கேப்ல 2019 ஆகஸ்ட்ல ஏஎம்டி ரோம்னு அடுத்த எபிக் விட்டான், 64 கோர், அதே நேரத்துல இன்டெல்லோட சாதா சாக்கெட்ல அதிகபட்சம் 28. ரெண்டு மடங்குக்கு மேல, விலையும் கம்மி.

இது எப்படி அவனால முடிஞ்சதுன்னா சிப்லெட். ஒரே பெரிய சிலிக்கான் துண்டா போட்டா அது பேப்பர் ரோஸ்ட் மாதிரி, நடுவுல ஒரு இடத்துல கிழிஞ்சா முழுசையும் ஓரமா வச்சிட வேண்டியதுதான். சின்னச் சின்ன துண்டா போட்டு ஒட்டுனா இட்லித் தட்டு மாதிரி, ஒண்ணு சரியா வரலன்னா அதை மட்டும் எடுத்துட்டு மீதியைப் பரிமாறலாம். ரோம்ல எட்டு சின்ன துண்டு தைவான் ஃபேக்டரி டிஎஸ்எம்சியோட 7 நானோமீட்டர்ல, நடுவுல ரேம் மாதிரி வெளிப் போக்குவரத்தைப் பார்த்துக்கிற ஒரு பெரிய ஐஓ துண்டு பழைய ப்ராசஸ்ல. இன்டெல்லும் கடைசில இதே வழிக்குத்தான் வந்தான், 2023 ஜனவரில சஃபையர் ரேப்பிட்ஸ்ல, மூணரை வருஷம் லேட்டா.

ரோம் சிப் ஒண்ணை முதல் தடவை நான் மாட்டுன நாள் நல்லா ஞாபகம் இருக்கு. உள்ளங்கை சைஸ்ல ஒரு பலகை, பிளாஸ்டிக் ஃப்ரேம்ல சொருகி தண்டவாளத்துல தள்ளுற மாதிரி உள்ள விடணும், மேல மூடிட்டு ஸ்க்ரூவை 1, 2, 3னு நம்பர் போட்ட வரிசைல மட்டும்தான் முறுக்கணும், சாக்கெட்ல 4094 கம்பி, மயிர் மாதிரி. வரிசை மாறினா ஒரு பக்கம் அழுத்தம் குறையும், பாதி மெமரி ஸ்லாட் காணாமப் போகும், நீ ரேம் போச்சுன்னு நினைச்சு ரேமை மாத்திட்டு உக்காந்திருப்ப. எனக்கு நடந்திருக்கு. அன்னைக்கு பூட் ஆகி 64 கோர் ஸ்க்ரீன்ல வரிசையா ஓடினப்போ நான் வாய் விட்டே சிரிச்சேன், இது கதையை மாத்தும்னு அப்பவே தெரிஞ்சுது.

ஆனா கஸ்டமர் யாரும் வாங்கல! இதுதான் நான் சொல்ல வர்ற விஷயத்தோட நடு மையம். சிப் நல்லா இருக்குன்னு சொன்னா "சரி சரி, அடுத்த ரெஃப்ரெஷ்ல பார்ப்போம்"னாங்க. காரணம் சோம்பேறித்தனம் இல்ல. ஒரே சர்வர்ல பல விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டுற சாஃப்ட்வேர்தான் விஎம்வேர், அதுல சேர்த்துக் கட்டுன சர்வர் கூட்டம்தான் கிளஸ்டர். அங்க இன்டெல் மெஷின்ல ஓடுற விஎம்மை ஏஎம்டி மெஷினுக்கு ஓடிட்டு இருக்கும்போதே நகர்த்த முடியாது, நிறுத்திட்டுத்தான் நகர்த்தணும். ரெண்டையும் ஒரே கிளஸ்டர்ல கலந்தா பிரயோஜனம் இல்ல. ஒரு பேங்க்ல, ஒரு ஆஸ்பத்திரில போய் "எல்லாத்தையும் ஒரு தடவ நிறுத்துங்க"னு யாரு சொல்றது? அதனால பாதி மெஷின் இன்டெல்னா அடுத்த பாதியும் இன்டெல். இப்படியே போய் போய், ஏஎம்டி நூத்துல ஒண்ணுல இருந்து நாலுல ஒண்ணு அளவுக்கு வர்றதுக்கு ஏழு வருஷம் ஆச்சு, 2024 கடைசி வரைக்கும். அந்த ஏழு வருஷத்துல பெரும்பாலும் அவன் சிப்புதான் பெட்டர். சர்வர் ரூம் மாட்டு வண்டி வேகத்துலதான் நகரும், ஷேர் மார்க்கெட் வேற வேகத்துல ஓடும், ரெண்டையும் ஒரே கயித்துல கட்டுனா என்ன ஆகும்னு கீழ சொல்றேன், என் சொந்தக் காசு கதையோட.

இப்ப உன் பத்து சர்வருக்கு வருவோம். 2018னா அப்ப இருந்த ஸ்கைலேக்ங்கிற ஸியான், ரெண்டு சாக்கெட், ஒரு சாக்கெட்டுக்கு 20 கோர்னு வச்சுக்குவோம், ஆக மொத்தம் 400 கோர். இப்ப 2024 அக்டோபர்ல வந்த டுரின்ங்கிற எபிக்ல ஒரே சிப்ல 192 கோர் வரைக்கும் இருக்கு, ரெண்டு போட்டா 384, உன் பத்து மெஷினும் ஒரே டப்பாக்குள்ள. அதுக்குப் போட்டியா இன்டெல் 2024 செப்டம்பர்ல கிரானைட் ரேப்பிட்ஸ்னு ஸியான் 6 விட்டான், 128 கோர், பல வருஷத்துக்கப்புறம் முதல் தடவையா இன்டெல் தலை நிமிர்ந்து நின்னது இதுலதான், மெமரி ஸ்பீடுல பார்த்தா 8800 எம்ஆர்டிம்னு வேகமான ரேம் போட்டு டுரினை முந்துற வேலையும் உண்டு. ஆனா அதுல பெரிய சிப்புக்கு 17,800 டாலர்னு விலை வச்சுட்டு நாலே மாசத்துல 12,460க்கு இறக்குனான் பாரு, அதுலயே மார்க்கெட் நிலவரம் தெரிஞ்சுடும்.

ஒரே டப்பா ஆசை வேணாம் தம்பி. அந்த டப்பா படுத்தா கம்பெனியே படுக்கும். உங்க பக்கம் ப்ராஸ்பெக்டன் 2022 ஏப்ரல் வெள்ளத்துல முங்குனது மறந்துடுச்சா? மூணு மெஷினாவது வேணும், ஒண்ணு போனா மீதி ரெண்டு தாங்கணும். அப்புறம் கரண்டு. பழைய ரேக்ல 32 ஆம்பியர் ஃபீட்னா 230 வோல்ட்டுக்கு 7.4 கிலோவாட், 80 சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாதுன்னா 5.9. பெரிய டுரினோ கிரானைட்டோ, சிப் ஒண்ணு 500 வாட், ரெண்டு சிப் ரேம் ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு மெஷின் 1.4 கிலோவாட் இழுத்தா ரேக்ல நாலு மெஷின்தான், மீதி இடம் காலி, வாடகை மட்டும் முழு ரேக்குக்கு. 2025 மே மாசத்துக்கப்புறம் லோட் ஷெடிங் இல்லதான், ஆனா நம்ம கரண்டு கம்பெனி எஸ்காம் அந்த ஏப்ரல்ல மட்டும் 12.74 சதவீதம் ஏத்துனான். லோட் ஷெடிங் ஸ்டேஜ் 6 வரைக்கும் போன நாள்ல ஜெனரேட்டர் பக்கத்துல நின்னு டீசல் லாரிக்கு காத்துக் கெடந்தவன் நான், எனக்கு ஒரு கோருக்கு எத்தனை வாட்ங்கிறதுதான் முதல் பெஞ்ச்மார்க்.

இதெல்லாம் விடு, உண்மையான காசு சிப்லயே இல்ல. லைசன்ஸ்ல இருக்கு. மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் எஸ்க்யூஎல் சர்வர் என்டர்பிரைஸ் லிஸ்ட் விலை ரெண்டு கோருக்கு 15,000 டாலர் பக்கம். 64 கோர் மெஷின் முழுசுக்கும் லைசன்ஸ் எடுத்தா 4,80,000 டாலர், சிப் விலை அதுல தூசு. உங்க வேர்ஹவுஸ் டேட்டாபேஸ் அதுலதான் ஓடுதுன்னா கோர் எண்ணிக்கைய ஏத்துறது கம்பெனியை நீயே கவுக்குற மாதிரி. அங்க வேண்டியது கோர் கம்மியா, ஒவ்வொண்ணும் வேகமா. டுரின்ல 9175எஃப்னு ஒண்ணு இருக்கு, 16 கோர், 5 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், சிப்புக்குள்ளயே இருக்கிற கேஷ் மெமரி மட்டும் 512 எம்பி, டேட்டாபேஸுக்குன்னே அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி. (விஎம் வாரியா லைசன்ஸ் எடுக்கிற வழியும் இருக்கு, ஆனா அதுக்கு சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோ சப்ஸ்கிரிப்ஷனோ கட்டணும், உங்க அக்கவுன்ட்ஸ்கிட்ட கேளு.) விஎம்வேரும் இப்ப கோர் கணக்குதான், விண்டோஸ் சர்வரும் கோர் கணக்குதான், 192 கோர்னு போஸ்டர் பார்த்து வாங்குறவன் எல்லாம் இன்வாய்ஸ் வரும்போது நெஞ்சைப் புடிப்பான்.

அதனால என் பதில்: பத்தையும் ஒரே அடியா மாத்துறீங்க, அப்ப நகர்த்துற தொல்லை எப்படியும் ஒரு தடவை இருக்கு, ஒரு வீக்கெண்ட் எடுத்து நிறுத்தி ஏத்திடுங்க, எபிக் வாங்குங்க. சாதா வேலைக்கு ஒத்த சாக்கெட் 64 கோர் மூணு மெஷின், டேட்டாபேஸுக்கு 16 கோர் வேகமானது ரெண்டு. 400 கோருக்குப் பதிலா 192 போதுமான்னு பயப்படாத, உங்க பழைய மெஷின்ல சிபியு பாதி கூட ஓடியிருக்காது, புது கோர் ஒண்ணு பழசு ரெண்டு மாதிரி வேலை செய்யும். ஆனா பத்துல அஞ்சு மட்டும்தான் பட்ஜெட்னு மேனேஜர் சொன்னா பேசாம ஸியான் 6 வாங்கு, பழைய அஞ்சோட சேர்ந்து ஒரே கிளஸ்டர்ல ஓடும். எஸ்ஏபி ஹானாங்கிற பெரிய டேட்டாபேஸுக்கு 4 சாக்கெட் 8 சாக்கெட் பெரிய மெஷின் வேணும்னாலும் எபிக்ல வழி இல்ல, அது ரெண்டு சாக்கெட்டோட நிக்குது.

செகண்ட் ஹேண்ட் எபிக் மலிவா கிடைக்குதுன்னு யாராவது வந்தா ஓடிடு. நான் ஒரு டீலர்கிட்ட ரோம் சிப் நாலு வாங்குனேன், ஒண்ணு கூட எங்க போர்டுல பூட் ஆகல, ரெண்டு நாள் மண்டையை உடைச்சு கண்டுபிடிச்சா, அது முன்னாடி இருந்த சர்வர் கம்பெனி போர்டோட பாதுகாப்பு சாவில ஃபியூஸ் எரிச்சு பூட்டியிருக்கு, வேற கம்பெனி போர்டுல ஜென்மத்துக்கும் எழுந்திருக்காது. டீலர் "சோல்டு ஆஸ் இஸ்"னு ரசீதைக் காட்டிட்டாரு. ஒண்ணு என் மேசைல பேப்பர் வெயிட்டா இருக்கு.

ரேம் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா அடுத்த பாதிக்கு அதுதான் பாலம். எபிக்ல மெமரி சேனல் 12, எல்லாத்தையும் நிரப்புனாத்தான் முழு வேகம். 2025 கடைசில ரேம் சிப்பான டிராம் விலை ஏறுன ஏத்தம் இருக்கே, இப்ப நான் கொட்டேஷன் எடுத்தா பல மெஷின்ல சிப்பை விட ரேம் விலை அதிகமா வருது. ஏஐ சர்வருக்கு ஹெச்பிஎம்னு ஒரு வகை மெமரி வேணும், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணே பேரு பண்றாங்க, அவங்க ஃபேக்டரிய அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க, சாதா ரேமுக்கு ஆளில்ல. மைக்ரான் 2025 டிசம்பர்ல, சாதா ஜனங்களுக்கு ரேம் விக்கிற க்ரூஷியல் கடையையே மூடப் போறேன்னு சொல்லிட்டான். உனக்கு ரேம் கொட்டேஷன் வந்திருந்தா இந்த மாசமே ஆர்டர் போடு, காத்திருக்காத.

இப்ப ஷேர். 2025 முழு வருஷத்துக்கும் கணக்கு பாரு. ஏஐ சிப் போடுற என்விடியா 40 சதவீதம் பக்கம் ஏறுச்சு. ஏஎம்டி 70க்கு மேல. இன்டெல் 80க்கும் மேல! மைக்ரான் மூணு மடங்குக்கு மேல. நீ என்கிட்ட ஒரு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா, சர்வர் சிப்ல யாரு பின்தங்கியிருக்கான்னு கேட்டா இன்டெல்னு கண்ணை மூடிட்டு சொல்லியிருப்பேன், அது சரியான பதில், அந்த சரியான பதிலை வச்சு நீ ஷேர் வாங்கியிருந்தா என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூணு பேர்ல அதிகம் ஏறுன ஆளை விட்டிருப்ப.

இன்டெல் ஏன் ஏறுச்சு? சிப்பால இல்ல. 2024ல அவனுக்கு 18.8 பில்லியன் டாலர் நஷ்டம், ஃபேக்டரி பிரிவு மட்டும் 13 பில்லியனுக்கு மேல முழுங்குச்சு, ஆகஸ்ட்ல டிவிடெண்டை நிறுத்தி 15,000 பேரை அனுப்பப் போறேன்னு சொன்ன மறுநாள் ஷேர் ஒரே நாள்ல 26 சதவீதம் விழுந்துச்சு, டவ் ஜோன்ஸ்ல இருந்து தூக்கி அந்த இடத்துல என்விடியாவை வச்சாங்க, டிசம்பர்ல சிஇஓ பேட் கெல்சிங்கர் போயிட்டாரு. எல்லாரும் காறித் துப்பிட்டாங்க, விலை 20 டாலர். அப்புறம் 2025 ஆகஸ்ட்ல அமெரிக்க அரசாங்கமே வந்து ஷேருக்கு 20.47 டாலர் கணக்குல 8.9 பில்லியன் போட்டு பத்து சதவீதம் பக்கம் எடுத்துக்கிச்சு, சாஃப்ட்பேங்க் 2 பில்லியன், செப்டம்பர்ல என்விடியா 5 பில்லியன். எதிராளியே பங்காளி. அமெரிக்காவுக்குள்ள முன்னணி சிப் போடுற சொந்தக் கம்பெனி ஒண்ணு சாகக் கூடாதுங்கிற அரசியல் அது, ஸ்பெக் ஷீட்ல அதைப் பார்க்க முடியாது.

ஏஎம்டியும் அப்படித்தான். 2025 அக்டோபர்ல ஓப்பன்ஏஐ 6 கிகாவாட் அளவுக்கு அவங்க ஜிபியு, அதான் ஏஐ ஓட்டுற சிப், வாங்குறோம்னு ஒப்பந்தம் போட்டுச்சு, பதிலுக்கு ஏஎம்டி 16 கோடி ஷேர் வரைக்கும் சல்லிசா தர்றதா வாரன்ட் எழுதிக் கொடுத்துச்சு, அன்னைக்கு ஒரே நாள்ல 24 சதவீதம் ஏறுச்சு. எபிக் அருமையா இருக்குன்னு அன்னைக்கு ஒருத்தனும் வாங்கல. வாங்குறவனுக்கே கம்பெனில பங்கு கொடுத்து வாங்க வைக்கிறது, நம்ம ஊர் கடைல முதலாளியே கடன் கொடுத்து நம்மளையே சரக்கு எடுக்க வைக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு, கணக்கு ஓடுற வரைக்கும் எல்லாருக்கும் சந்தோஷம்.

என் கதைய சொல்றேன்னு சொன்னேன்ல. 2019ல ரோம் பூட் ஆகி நான் சிரிச்ச அந்த வாரம் ஏஎம்டி ஷேர் 30 டாலர் சொச்சம். எனக்குத் தெரியும் சிப் நல்லதுன்னு, ஆனா கஸ்டமர் யாரும் வாங்கலையேன்னு நானும் வாங்கல. 2021 கடைசில கஸ்டமர்ங்க வரிசையா ரோமுக்கு அடுத்த எபிக்கான மிலான் ஆர்டர் போட ஆரம்பிச்சாங்க, ஆஹா இப்பத்தான் நேரம்னு நவம்பர்ல 150 டாலருக்கு வாங்குனேன். அடுத்த அக்டோபர்ல 60க்கு கீழ. அந்த ஒரு வருஷத்துல எபிக் ஒண்ணும் கெட்டுப் போகல, இன்னும் சொன்னா அப்பத்தான் அதுக்கும் அடுத்த எபிக் ஜெனோவா வரப் போகுது, 96 கோர், எங்க ரேக்ல ஏஎம்டி கூடிட்டேதான் போச்சு. வட்டி ஏறுச்சு, கோவிட்ல வாங்கிக் குவிச்ச லேப்டாப் விக்காம நின்னுச்சு, செமிகண்டக்டர்னு பேரு வச்ச எல்லாமே விழுந்துச்சு, என்விடியாவே மூணுல ரெண்டு பங்கு போச்சு. நான் பயந்து பாதிய வித்தேன். என் ஆத்துக்காரி இன்னைக்கும் சமையல் ரூம்ல சிங்க் ரிப்பேர்னா "அந்த ஏஎம்டி காசு இருந்தா"ன்னு ஆரம்பிச்சுடுவா.

அதாவது ரெண்டு தப்பு. சர்வர் ரூம்ல எனக்கு முன்னாடியே தெரிஞ்சதை நம்பாம விட்டது ஒண்ணு, எல்லாருக்கும் தெரிஞ்சப்புறம் தெரிஞ்ச விலைல வாங்குனது ரெண்டு. நீ இப்ப பண்ணப் போறது ரெண்டாவது.

இன்னொரு போட்டியாளர் இருக்கான், அவன் ஷேரை நீ தனியா வாங்கவே முடியாது. கிளவுடுக்காரங்க சொந்தமா போடுற ஆர்ம் சிப், இன்டெல் ஏஎம்டி வகைல சேராத வேற டிசைன். சர்வரை வாடகைக்கு விடுற அமேசானோட ஈசி2 இருக்கே, உலகம் பூரா ஓடுற அந்த சர்வீஸை எழுதுனது கேப்டவுன்ல உக்காந்திருந்த டீம், கிறிஸ் பிங்கம் தலைமைல, 2006ல வெளிய வந்துச்சு. இந்த நாட்டுக்காரங்களே பல பேருக்கு இது தெரியாது. அந்த அமேசான் 2018ல கிராவிட்டான்னு சொந்த சிப் விட்டான், 2024 கடைசில அவங்களே சொன்னாங்க, முந்தின ரெண்டு வருஷத்துல புதுசா சேர்த்த சிபியு திறன்ல பாதிக்கு மேல கிராவிட்டான்தான்னு. மைக்ரோசாஃப்ட் கோபால்ட், கூகுள் ஆக்ஸியான். ஆக ஸியானும் எபிக்கும் சண்டை போடுற தட்டையே கிளவுடுக்காரன் ஓரமா இழுத்துட்டு இருக்கான். இதுல யாரு ஜெயிச்சாலும், எபிக் ஆகட்டும், கிராவிட்டான் ஆகட்டும், என்விடியா ஆகட்டும், சிலிக்கான் அடிக்கிறது தைவான்ல டிஎஸ்எம்சி, அவனுக்கு சிலிக்கான்ல மெல்லிசா கோடு போடுற ஈயூவி மெஷின் கொடுக்கிறது நெதர்லாந்துல ஏஎஸ்எம்எல், உலகத்துல அந்த மெஷின் வேற யாரும் விக்கிறதில்ல. சண்டை போடுறவங்களை விட சண்டைக்கு கத்தி விக்கிறவன் நிலைமை தேவலைன்னு எனக்குத் தோணும், ஆனா தைவான் ஜலசந்தில ஒரு கப்பல் தப்பாத் திரும்பினா முதல்ல அடி வாங்குறதும் அவன்தான்.

இனி எப்படிப் போகும்னு கேட்டா, நான் சிப் ரிவ்யூ பார்க்கிறதை விட்டுட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகுள், மெட்டா நாலு பேரும் கேபெக்ஸ்னு, அதாவது மெஷின் கட்டடம் எல்லாத்துக்கும் போடுற முதலீடுன்னு, என்ன நம்பர் சொல்றாங்கன்னு மட்டும் பார்ப்பேன். 2025ல நாலு பேரும் சேர்ந்து 300 பில்லியன் டாலருக்கு மேல. என்விடியா வருஷ வருமானம் ரெண்டு வருஷத்துல 27 பில்லியன்ல இருந்து 130 பில்லியன் ஆனதுல பெரிய பங்கு இந்த நாலஞ்சு பாக்கெட்ல இருந்துதான். அந்த பாக்கெட் கொஞ்சம் இறுகினா என்ன ஆகும்னு 2025 ஜனவரி 27 ஒரு சின்ன ட்ரெய்லர் காட்டுச்சு, டீப்சீக்னு சீனாக்காரன் மலிவா மாடல் பண்ணிட்டான்னு செய்தி, என்விடியா ஒரே நாள்ல 17 சதவீதம் விழுந்துச்சு. அப்புறம் இன்னொரு சின்ன விஷயம், சர்வர் எத்தனை வருஷம் உழைக்கும்னு கணக்குல எழுதுறாங்கங்கிறது. அமேசான் 2025ல ஒரு பகுதி சர்வருக்கு ஆறு வருஷத்தை அஞ்சாக் குறைச்சான், ஏஐ வேகத்துல பழசாயிடுதுன்னு. அதே வருஷம் மெட்டா கூட்டுனான். ஒரே மெஷின், ரெண்டு ஆயுசு. மெஷினைத் தொட்டு வேலை செய்யிற எனக்கு இது சிரிப்பா வருது, ஆனா லாபக் கணக்கு இதுல பில்லியன் கணக்குல மாறும்.

மெமரிக்காரங்க இன்னும் மோசமான ராட்டினம். மைக்ரான் மூணு மடங்கு ஏறுச்சுன்னு சொன்னேனே, அதே கம்பெனி 2023 நிதியாண்டுல 5.8 பில்லியன் டாலர் நஷ்டம். விலை ஏறும், எல்லாரும் ஃபேக்டரி கட்டுவாங்க, கட்டி முடிக்கும்போது சரக்கு குவியும், விலை விழும், இதை நான் ரேம் வாங்குற பக்கத்துல இருந்து மூணு தடவ பார்த்தாச்சு. இப்ப மேல இருக்கோம். இன்னும் மேல போகலாம், கொட்டேஷன் அப்படித்தான் சொல்லுது, ஆனா கீழ வரவே வராதுன்னு சொல்றவனை நம்பாத. நெட்வொர்க் பெட்டி பண்ற சிஸ்கோவைப் பாரு, 2000 மார்ச்ல இன்டர்நெட் உலகத்தை மாத்தும்னு சொல்லி 80 டாலருக்கு வாங்குனாங்க, சொன்னது நூத்துக்கு நூறு நடந்துச்சு, ஷேர் அந்த விலைய திரும்பத் தாண்டுனது 2025 டிசம்பர்லதான்.

கடைசியா நம்ம நாட்டு விஷயம், இதை யூட்யூப்ல அமெரிக்காக்காரன் சொல்ல மாட்டான். நம்ம பங்குச் சந்தை ஜேஎஸ்இல சிப் கம்பெனியே கிடையாது, டெக்னு சொன்னா நாஸ்பர்ஸ், அதுவும் சீனா கம்பெனி டென்சென்ட்ல வச்ச பங்கு. அப்ப டாலர்ல வாங்கணும். 2025 ஆரம்பத்துல டாலர் 18.80 ராண்ட் பக்கம், கடைசில 16.60 பக்கம். என்விடியா 40 சதவீதம் ஏறுனதா அவன் குதிப்பான், உன் ராண்ட் கணக்குல 22, 23தான். எதிர்ப் பக்கமும் உண்டு, ராண்ட் விழுற வருஷம் ஷேர் சும்மா நின்னாலே உனக்கு லாபம், நம்மள்ல பல பேரு டெக் ஷேர்ல ஜெயிச்சேன்னு சொல்றது உண்மைல ராண்ட் தோத்தது. அமெரிக்க ஷேர் நேரா வச்சிருந்தா டிவிடெண்ட்ல 15 சதவீதம் அங்கயே பிடிப்பான், 60,000 டாலருக்கு மேல போச்சுன்னா செத்தப்புறம் அமெரிக்க எஸ்டேட் டாக்ஸ் பேச்சு வரும், நம்ம நாட்டுக்கு ஒப்பந்தம் இருக்கு ஆனாலும் அந்த அளவுக்கு வந்தா டாக்ஸ் தெரிஞ்சவர்கிட்ட உக்காந்து பேசு. 13வது செக்குக்கு அதெல்லாம் வராது. உன் டாக்ஸ் ஃப்ரீ அக்கவுன்ட்ல 2025/26 வரி வருஷத்துக்கான 36,000 ராண்ட் இன்னும் நிரப்பலன்னா 2026 ஃபிப்ரவரி முடியறதுக்குள்ள அதுல ஒரு நாஸ்டாக் 100 ஈடிஎஃப் (அமெரிக்க நாஸ்டாக் சந்தைல பெரிய நூறு கம்பெனி ஷேரை மொத்தமா வாங்குற ஃபண்டு) போடு, உள்ள என்விடியா, ஏஎம்டி, மைக்ரான், இன்டெல் எல்லாம் கலந்து கிடக்கும், யாரு ஜெயிக்கிறாங்கன்னு நீ ராத்திரி முழிச்சுப் பார்க்க வேண்டாம். தனி ஷேர் வாங்கியே ஆகணும், கை அரிக்குதுன்னா செக்ல பத்துல ஒண்ணு, அதுவும் நாலஞ்சு மாசமாப் பிரிச்சு, பாதி போனாலும் வீட்டுல சொல்லத் தைரியம் இருக்க அளவுக்கு.

சர்வருக்கு உங்க எஸ்க்யூஎல் லைசன்ஸ் இன்வாய்ஸும் பத்து மெஷின்லயும் ஒரு மாச சிபியு கிராஃபும் எடுத்து அனுப்பு, அதைப் பார்க்காம 64ஆ 32ஆன்னு கையெழுத்துப் போட மாட்டேன். ஃபிப்ரவரி 1 தைப்பூசத்துக்கு காவடி பார்க்க டர்பன் வர்றோம், சனிக்கிழமையே ஆபீஸ் திறந்து வைக்க முடிஞ்சா ரேக்ல எத்தனை ஆம்பியர் பிரேக்கர் இருக்குன்னு நேர்லயே பார்த்துடலாம், மேனேஜர்கிட்ட சாவி மட்டும் வாங்கி வை.